மச்சானைக் கட்டினால் அண்ணனைப் போலப் பிள்ளை வருமா? படுவான்கரைக் குடும்பம் ஒன்றின் நிகழ்தகவுக் கணக்கு

கேள்வி கேட்டவர் என்னிடம் உயர்தர உயிரியல் படித்த பிள்ளை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயற்காணி உள்ள குடும்பம். தாய்மாமன் மகனுக்குப் பேசியிருந்தார்கள். சாத்திரியார் பொருத்தம் பார்த்துச் சரி சொல்லிவிட்டார், நாள் வைப்பதுதான் பாக்கி. அந்த நேரத்தில் மாமி ஒரு வார்த்தை விட்டார்: "பெரியவன் மாதிரி ஒண்டு வந்தா மறுகா என்னகா செய்யிற?"

பெரியவன் என்றது மணப்பெண்ணின் அண்ணனை. அவருக்கு வெளிறல், அதாவது அல்பினிசம்.

ஆட்களை அடையாளம் காட்டும் விபரங்களை விட்டுவிட்டேன். உறவுமுறையை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன், ஏனென்றால் கணக்கு முழுவதும் அதில்தான் நிற்கிறது. இதை எழுத எல்லோரிடமும் சம்மதம் கேட்டாயிற்று. அண்ணன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: 'நோயாளி' என்று எழுதக்கூடாது. எழுதவில்லை.

அண்ணன்

வயது முப்பதை ஒட்டும். பிறந்தபோதே உடம்பு பால்வெள்ளை, தலைமுடியும் இமைமயிரும் வெளுத்த வைக்கோல் நிறம். மூன்றாம் மாதமளவில் கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் இடமும் வலமுமாக ஆடுவதைத் தாய் கவனித்திருக்கிறார். வெயிலுக்குத் தூக்கிப் போனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுகை. ஊர் தன் பங்குக்கு விளக்கம் கொடுத்தது. வயிற்றில் இருக்கும்போது தாய் கிரகணம் பார்த்துவிட்டாள் என்றது ஒரு கூட்டம். மட்டக்களப்பில் ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன, ஆகவே 'பறங்கி இரத்தம்' என்ற கதையும் கிளம்பியது. அந்தக் கதைக்குள் இருந்த பழி யார் மேல் என்று விளக்கத் தேவையில்லை. அந்தத் தாய் பல காலம் கோயில் திருவிழாப் பக்கமே போகவில்லையாம்.

பறங்கிக் கதையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். கறுப்பு, மாநிறம், வெள்ளை என்று நாம் சொல்லும் நிற வேறுபாடு பல பரம்பரையலகுகள் (ஜீன்கள்) சேர்ந்து ஆளுக்கு ஆள் கூட்டிக் குறைப்பது. வெளிறலோ ஒரே ஒரு பரம்பரையலகின் இரண்டு பிரதியும் பழுதாவதால் வருவது. ஐரோப்பியர்களுக்கும் வெளிறல் பிள்ளைகள் பிறக்கிறார்கள், அவர்களும் தங்கள் ஊரில் தனியாகத்தான் தெரிகிறார்கள். கர்ப்பகாலத்தில் குங்குமப்பூப் பால் குடித்தால் பிள்ளை சிவப்பாக வரும் என்பதையும் இந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகலாம். கருவுற்ற கணத்தில் வந்து சேர்ந்த பிரதிகளைப் பாலோ பூவோ மாற்றுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கரும்பலகை தெரியவில்லை. உயரமான பொடியன் என்று பின்வாங்கில் இருத்தினார்கள். எழுதவில்லை என்றால் சோம்பேறி என்று பெயர். கண்ணாடி போட்டும் பார்வை முழுதாகத் திருந்தவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கரு வளரும்போது விழித்திரையின் நடுப்பகுதி சரியாக உருவாக நிறமி வேண்டும். நிறமி இல்லாவிட்டால் கூர்மையாகப் பார்க்கும் அந்த இடம் முழு வளர்ச்சி அடையாது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகளும் வழமையைவிடக் கூடுதலாக எதிர்ப்பக்கத்துக்குக் கடந்துவிடும், அதனால் ஆழம் மட்டுக்கட்டுவதும் சிரமம். கண்ணாடி வில்லையின் குறையைத்தான் ஈடுசெய்யும், விழித்திரையைத் திருத்தாது. வெளிறலில் ஊர் பார்ப்பது தோலை. அன்றாடம் அவரைத் தொந்தரவு செய்வது கண்.

இப்போது கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறார். போட்டோக் கொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம். கணினித் திரையில் எழுத்தை மூன்று விரல் அகலத்துக்குப் பெருப்பித்து வைத்துக்கொண்டு, மூக்கு தொடும் தூரத்தில் இருந்து தட்டுவார். எழுத்துப்பிழை அநேகமாக இருக்காது. கடைக்கு வெளியே வந்தால் முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி. நிறமிப் பாதுகாப்பு இல்லாத தோலுக்கு நம் பக்கத்து வெயில் சும்மா இல்லை, தோல் புற்றுநோய் வரும் ஆபத்து உண்மையிலேயே கூட. ஆறாத புண்ணோ புதிய தடிப்போ வந்தால் உடனே காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

கணக்குக்குப் போகும் முன் இது எந்த வகை என்று நிச்சயப்படுத்த வேண்டியிருந்தது. வகை மாறினால் கணக்கே மாறிவிடும். கண்ணை மட்டும் பாதிக்கும் ஒரு வெளிறல் உண்டு. அது X நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) போவது, தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது. அதில் தோலும் முடியும் கிட்டத்தட்ட வழமையாக இருக்கும். இவருக்கு அப்படி இல்லை. ஹெர்மான்ஸ்கி புட்லக் என்று இன்னொன்று, அதில் வெளிறலோடு குருதி உறைதலிலும் கோளாறு. மூக்கால் இரத்தம் வடிவது, லேசாகத் தட்டினாலே கன்றிப்போவது எல்லாம் கேட்டேன். இல்லை. பல்லுப் பிடுங்கியபோதுகூட வழமைபோல் நின்றிருக்கிறது. வெண்புள்ளி என்கிற விட்டிலிகோ பிறகு திட்டுத் திட்டாக வருவது, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கண் வைத்தியர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததும் தோல், முடி, கண் மூன்றையும் தொடும் வழமையான வெளிறல் என்றுதான். அது பின்னிடைவாகக் கடத்தப்படுவது.

பின்னிடைவு என்றால் இதுதான்: மெலனின் நிறமியைத் தைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடல் செய்கிறது. முதல் படிக்குத் தைரோசினேஸ் என்ற நொதியம் வேண்டும். அதற்கான பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. இதே வேலையில் பங்கெடுக்கும் வேறு பரம்பரையலகுகளும் உண்டு, 15ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒன்று முக்கியமானது. எல்லோருக்கும் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைச் சமாளித்துவிடும். அப்படிப்பட்டவரைக் காவி என்கிறோம். காவியைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. மணப்பெண் பொதுநிறம், மாப்பிள்ளை நல்ல கறுப்பு. இதிலிருந்து ஒன்றும் தெரியாது.

குடி தடுப்பதும் தடுக்காததும்

மட்டக்களப்பு வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இங்கே குடி, அதாவது குலம், தாய்வழியாக வரும். ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை. சின்னம்மா மகன் உங்கள் குடி, ஆகவே அண்ணன் முறை, பேச்சுக்கே இடமில்லை. மாமன் மகனோ தன் தாயின் குடியைச் சேர்ந்தவன், ஆகவே மச்சான். கட்டலாம் என்பதோடு நிற்காமல், உரிமை என்றும் சொல்வார்கள். முஸ்லிம் சகோதரர்களிடமும் இந்தக் கரையில் தாய்வழிக் குடிமுறை உண்டு.

சமூக ஒழுங்காக இது அழகான ஏற்பாடு, எனக்கு அதில் குறை இல்லை. பரம்பரையலகுக்கு மட்டும் குடி தெரியாது. தாயின் சகோதரி மகனும் தாயின் சகோதரன் மகனும் உங்களோடு பகிர்வது ஒரே அளவு: சராசரியாக எட்டில் ஒரு பங்கு. ஒருவரை அண்ணன் என்று விலக்கிவிட்டு மற்றவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறோம், அவ்வளவுதான். அம்மம்மா இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "மச்சானும் தம்பியும் ஒண்டாகா?" என்று சிரித்தார். பழுதான ஒரு பிரதியைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

உறவுக்குள் கட்டுவதும் இப்படியான பின்னிடைவு இயல்புகளும் தொடர்புடையவை என்று முதலில் கண்டவர்களில் ஒருவர் ஆர்ச்சிபால்ட் கரொட் என்ற இங்கிலாந்து வைத்தியர். சிறுநீர் கறுத்துப்போகும் அல்கப்டோனூரியா என்ற அபூர்வ நிலையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் ஒருவருக்கொருவர் ஒன்றுவிட்ட சகோதரர்களாக, அதாவது உடன்பிறந்தோரின் பிள்ளைகளாக இருப்பதை 1902இல் எழுதினார். 1908இல் அவர் பிறவி வேதிக் குறைகள் என்று எடுத்துப் பேசிய நான்கில் வெளிறலும் ஒன்று. காரணம் எளிது. அபூர்வமான ஒரு பழுதுப் பிரதி அந்நியர் இருவரிடம் ஒரேநேரத்தில் இருப்பது அரிது. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகளிடம் இருப்பது அவ்வளவு அரிதல்ல.

கணக்கு

ஊரில் உலவிய விடை இரண்டு. ஒன்று, 'நிச்சயம் வரும்'. மற்றது, புத்தகத்தில் உள்ள 'நாலில் ஒன்று'. இரண்டும் இந்தப் பெண்ணுக்குப் பொருந்தாது. நாலில் ஒன்று என்பது தாயும் தகப்பனும் காவி என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்லும் எண். இங்கே இருவரில் ஒருவருக்கும் அது தெரியாது.

அண்ணனிலிருந்து தொடங்குவோம். அவருக்கு வெளிறல் என்பதால் அவரது தாயும் தகப்பனும் காவிகள் என்று வைத்துக்கொள்ளலாம். சரி, தங்கச்சி காவியாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? உயர்தரப் பிள்ளைகள் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அரைவாசி என்பார்கள். அரைவாசி இல்லை. காவிப் பெற்றோரின் பிள்ளைக்கு நான்கு சமவாய்ப்பு: இரண்டும் நல்லது, தாயிடமிருந்து மட்டும் பழுது, தகப்பனிடமிருந்து மட்டும் பழுது, இரண்டும் பழுது. தங்கச்சிக்கு வெளிறல் இல்லை என்பது கண்ணால் தெரிகிறது. ஆகவே நான்காவது அடிபட்டுப் போகிறது. மிஞ்சிய மூன்றில் இரண்டு காவி. விடை 2/3.

நம்பாதவர்களுக்கு மெண்டலின் பட்டாணியே சாட்சி. இரண்டாம் தலைமுறையில் அவர் எண்ணிய உருண்டை விதை 5,474, சுருங்கியது 1,850. இந்த மூன்றுக்கு ஒன்று எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு அடுத்து அவர் செய்ததைத்தான் வகுப்பில் தாண்டிப் போய்விடுகிறோம். உருண்டை விதைகளிலிருந்து 565 செடி வளர்த்தார். 193 செடி உருண்டை மட்டும் தந்தது. 372 செடி இரண்டும் தந்தது, அதாவது வெளியே உருண்டை, உள்ளே காவி. 565இல் 372 என்பது மூன்றில் இரண்டுக்கு மிகக் கிட்ட. எங்கள் மணப்பெண் அந்த 565இல் ஒரு செடி.

மாப்பிள்ளை பக்கம். பெண்ணின் தாய் காவி. அந்தப் பிரதி அம்மம்மாவிடமிருந்தோ அம்மப்பாவிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். தாயின் தம்பியான மாமாவுக்கும் அது கிடைத்திருக்க வாய்ப்பு 1/2. அவரிடமிருந்து மகனுக்குப் போக இன்னொரு 1/2. ஆக 1/4. மாமி வழியாக வரக்கூடியது மிகச் சிறியது, விட்டுவிட்டேன்.

இருவரும் காவியாக இருக்க: 2/3 × 1/4 = 1/6. அப்படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1/4. முதல் பிள்ளைக்கு வெளிறல் வர 1/24, நூற்றுக்குச் சுமார் 4.

உறவே இல்லாத ஒருவரைக் கட்டினால்? உலகப் பொதுக்கணக்கில் வெளிறல் ஏறத்தாழ 20,000 பேருக்கு ஒருவர், அதிலிருந்து காவி ஏறத்தாழ 70 பேருக்கு ஒருவர் என்று வரும். 2/3 × 1/70 × 1/4 = 1/420. மச்சானைக் கட்டுவதால் வாய்ப்பு பதினேழு மடங்குக்கு மேல் கூடுகிறது. அதேநேரம் இருபத்து நாலில் இருபத்து மூன்று வழமையான பிள்ளை. இந்த இரண்டு வாக்கியமும் ஒரே கணக்குத்தான். மாமி முதலாவதைப் பிடித்துக்கொண்டார், மாமா இரண்டாவதை. நான் இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். பதினேழு மடங்கு என்று மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் எத்தனையின் பதினேழு மடங்கு என்று சொல்வதில்லை. அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

புளியங்கொட்டை

அம்மம்மாவுக்குப் பின்னம் வேலைக்காகவில்லை. புளியங்கொட்டை எடுத்தோம். சிலவற்றை முற்றத்துச் சீமெந்தில் தேய்த்து வெள்ளையாக்கினோம், சில அப்படியே கபிலம். இரண்டு சீலைப்பை. ஒன்று தாய், ஒன்று தகப்பன். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை, ஒரு கபிலம். பார்க்காமல் ஒவ்வொரு பையிலிருந்தும் ஒன்று எடுக்க வேண்டும், பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். இரண்டும் வெள்ளை வந்தால் வெளிறல். (தாயம் விளையாடுவது போல ஒருபக்கம் தேய்த்து உருட்டவும் யோசித்தோம். தேய்த்த கொட்டை பக்கம் சாய்ந்துதான் விழும், பாதிக்குப் பாதி வராது.)

அம்மம்மா எட்டுத் தடவை எடுத்தார். ஒருதடவைகூட இரட்டை வெள்ளை இல்லை. "பாத்தீங்களா சேர், வரல்ல." எட்டுப் பிள்ளையிலும் வராமல் இருக்க வாய்ப்பு, முக்காலை எட்டுத் தடவை பெருக்கினால், பத்தில் ஒன்று. அபூர்வம் ஒன்றுமில்லை. ஒன்பதாவது இரட்டை வெள்ளை. பத்தாவதும் இரட்டை வெள்ளை. அம்மம்மா பையைக் கீழே வைத்துவிட்டார்.

நாலில் ஒன்று என்றால் மூன்று பிள்ளைக்குப் பிறகு நாலாவது என்று முறை வைத்து வருவதல்ல என்பதை என் வகுப்பில் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கு அதைப் புரியவைத்தது அந்த ஒன்பதும் பத்தும்தான். பைக்கு முன்னர் எடுத்தது ஞாபகம் இல்லை.

முடிவு

பரிசோதனை இல்லையா என்று மாப்பிள்ளை கேட்டார். உண்டு. முதலில் அண்ணனின் குருதியில் எந்தப் பரம்பரையலகில் என்ன பழுது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது தெரிந்த பிறகு அதே பழுது மணமக்களிடம் இருக்கிறதா என்று தேடுவது இலகு. அண்ணனைத் தாண்டி நேரே மாப்பிள்ளையைச் சோதிப்பதில் அவ்வளவு பயன் இல்லை. எதைத் தேடுவது என்று தெரியாமல் தேடிக் 'காணவில்லை' என்று வரும் விடை அரைகுறை விடை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் மனிதப் பரம்பரையியல் அலகு இருக்கிறது, அங்கே ஆலோசனை கேட்கலாம் என்றேன். இருவரில் ஒருவர் காவி இல்லை என்று வந்தால் 1/24 கிட்டத்தட்டப் பூச்சியம். இருவரும் காவி என்று வந்தால் 1/4.

அவர்கள் போகவில்லை. மணப்பெண்ணின் நியாயம் இது: விடை நாலில் ஒன்று என்று வந்தாலும் கல்யாணத்தை நிறுத்தப்போவதில்லை. கர்ப்பத்தில் தெரிந்தாலும் ஒன்றும் செய்வதற்கில்லை. இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடம். அவருக்கு அந்த எண்ணமும் இல்லை. பிறகு அண்ணன் சொன்னார், கொஞ்சம் சூடாகவே: "என்னப்போல ஒண்டு வந்தா வரட்டுமே. நான் இருக்கன்தானே. ஆனா முதல் வாங்குல இருத்தச் சொல்லி ஸ்கூலுக்குக் கடிதம் நான்தான் எழுதிக் குடுப்பன்." மாமி அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

நான் வற்புறுத்திய பரிசோதனை வேறொன்று. தலசீமியாவும் இதேபோலப் பின்னிடைவுதான். அங்கே பழுதுப் பிரதி இரண்டு சேர்ந்தால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குருதி ஏற்ற வேண்டும். குருநாகலில் அதற்கென்றே தேசிய நிலையம் இருக்கும் அளவுக்கு நாட்டில் அது உண்டு. வெளிறல் போலன்றி, தலசீமியாக் காவியைச் சாதாரண முழுக்குருதிப் பரிசோதனையில் சந்தேகித்து, ஈமோகுளோபின் பரிசோதனையில் உறுதிசெய்துவிடலாம். ஊரே கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத் தோலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாததை ஒருவரும் கேட்கவில்லை. இருவரும் சோதித்தார்கள், பிரச்சினை இல்லை. உறவுக்குள் கட்டுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பொதுவாகப் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கும், மச்சான் மச்சாள் கல்யாணத்தில் அதன்மேல் இன்னொரு இரண்டு மூன்று கூடும் என்பது பொதுவான மதிப்பீடு.

முதல் பிள்ளைக்குப் பிறகு

பெண் பிள்ளை. பிள்ளையைத் துணியோடு கையில் கொடுத்ததும் மாமி முகத்தைப் பார்க்கவில்லை, தொப்பியை விலக்கித் தலைமுடியைப் பார்த்தாராம். கருகரு என்று இருந்தது.

இரண்டாவது பிள்ளை பற்றிய யோசனை வந்தபோது வீட்டில் ஒரு வாக்குவாதம். மாமா சொன்னார், முதல் பிள்ளை நல்லபடி வந்துவிட்டது, இனி ஆபத்துக் குறைவு. பெண் சொன்னார், இல்லை மாமா, பைக்கு ஞாபகம் இல்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்குப் புதிது. என்னிடம் வந்தார்கள். இந்த வழக்கில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் இரண்டு பேரும் சரி.

இப்படிப் பாருங்கள். இவர்களைப் போலவே உறவுமுறை உள்ள 24 தம்பதிகளை வரிசையாக நிறுத்துவோம். ஆறில் ஒன்று என்றால், இருவரும் காவியான தம்பதிகள் 4. மற்ற 20 தம்பதிகளுக்கு வெளிறல் பிள்ளை வர வழியே இல்லை. எல்லோருக்கும் ஒரு பிள்ளை பிறக்கிறது. அந்த 4 பேரில் சராசரியாக ஒரு வீட்டில் வெளிறல் பிள்ளை, மூன்று வீட்டில் இல்லை. நம் தம்பதியின் பிள்ளைக்குத் தலைமுடி கறுப்பு. ஆகவே அந்த ஒரு வீடு அவர்கள் வீடல்ல. மிஞ்சியது 23 வீடு, அதில் காவித் தம்பதி 3. அடுத்த பிள்ளைக்கான வாய்ப்பு 3/23 × 1/4, அதாவது 3/92, ஏறத்தாழ 31இல் ஒன்று.

24இல் ஒன்றாக இருந்தது 31இல் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. மாமா சரி. ஆனால் எந்த ஒரு வீட்டின் பையும் மாறவில்லை. காவித் தம்பதி வீட்டில் இன்றைக்கும் 1/4தான், மற்ற வீட்டில் இன்றைக்கும் பூச்சியம்தான். பெண்ணும் சரி. மாறியது நாம் எந்த வகை வீட்டில் நிற்கிறோம் என்பதைப் பற்றிய நம் அறிவு. பிள்ளை வெளிறலோடு பிறந்திருந்தால் 24இல் ஒன்று என்ற கதை அந்த நிமிடமே முடிந்து, அடுத்த பிள்ளைக்கு நேரே 1/4 ஆகியிருக்கும். புதிய தகவல் வர வர எண்ணைத் திருத்தும் இந்த முறையைத் தோமஸ் பேய்ஸ் என்ற பாதிரியார் எழுதி வைத்தார். அவர் இறந்த பிறகு, 1763இல்தான் அது வெளியானது.

இரண்டாவது ஆண் பிள்ளை. அதற்கும் கறுத்த முடி. இப்போது மூன்றாவது என்று ஒன்று வந்தால் 9/356, ஏறத்தாழ 40இல் ஒன்று. இப்படி எத்தனை கறுத்த முடிப் பிள்ளைகள் பிறந்தாலும் எண் பூச்சியத்தை நெருங்குமே தவிரத் தொடாது.

அண்ணனின் கல்யாணம்

தங்கச்சிக்கு இரண்டு பிள்ளையும் வந்த பிறகுதான் அண்ணனுக்குப் பேச்சு எடுத்தார்கள். முன்னரே எடுத்திருக்கலாம். 'அவனுக்குப் பிறக்கிறதெல்லாம் வெள்ளைதானே' என்று வீட்டிலேயே நம்பியிருந்தார்கள், கணக்குத் தெரிந்த தங்கச்சியைத் தவிர.

அவரிடம் உள்ள இரண்டு பிரதியும் பழுது. ஆகவே எந்தப் பிள்ளைக்கும் அவரிடமிருந்து ஒரு பழுதுப் பிரதி நிச்சயம் போகும். பிள்ளைக்கு வெளிறல் வர வேண்டுமானால் தாயும் காவியாக இருந்து, அந்தப் பழுதையே கொடுக்கவும் வேண்டும். உறவில்லாத பெண் என்றால் 1/70 × 1/2 = 1/140. கவனியுங்கள், இது தங்கச்சி மச்சானைக் கட்டியபோது இருந்த 1/24ஐவிட ஆறு மடங்கு குறைவு. சாத்திரியார் முதல் மாமா வரை எல்லோரும் ஆசீர்வதித்த கல்யாணத்தைவிட, ஒருவரும் பெண் கொடுக்கத் துணியாத இந்தக் கல்யாணம் அந்த ஒரு விடயத்தில் பாதுகாப்பானது. இதைச் சொன்னபோது அண்ணன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு தன் கடை இயந்திரத்தில் அந்தத் தாளைப் பெருப்பித்து ஐந்து கொப்பி அடித்தார். கல்யாணப் புரோக்கருக்கு ஒன்று.

வந்த யோசனைகளில் இரண்டு கணக்குப் போடத்தக்கவை. ஒன்று, மாமாவின் இளைய மகளையே கொடுப்பது, வீட்டுக்குள் முடிந்துவிடும். அந்தப் பெண் காவியாக இருக்க 1/4, ஆகவே பிள்ளைக்கு 1/8. அண்ணனே வேண்டாம் என்றுவிட்டார். மற்றது அம்பாறை மாவட்டப் பக்கமிருந்து வந்தது: பெண்ணுக்கும் வெளிறல். 'வெள்ளைக்கு வெள்ளை, பொருத்தம்தானே' என்று கொண்டுவந்தவர் சொன்னாராம். இதுதான் கையால் கணிக்க முடியாத ஒன்று. இருவருக்கும் ஒரே பரம்பரையலகில் பழுது என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வெளிறல். இவருக்கு 11ஆம் நிறமூர்த்தத்திலும் அவருக்கு 15ஆம் நிறமூர்த்தத்திலும் பழுது என்றால் ஒரு பிள்ளைக்கும் இல்லை, ஒருவர் இழந்ததை மற்றவர் நிரப்பிவிடுவார். 1952இல் ட்ரெவர் ரோப்பர் என்ற கண் வைத்தியர் அப்படி ஒரு குடும்பத்தை இங்கிலாந்தில் பதிவு செய்தார்: தாயும் தகப்பனும் வெளிறல், பிள்ளைகள் எல்லோரும் வழமையான நிறம். அந்த ஊரிலும் தாயைப் பற்றிக் கதை கட்டினார்களா என்று எனக்கு ஒரு யோசனை. அண்ணனும் அந்தப் பெண்ணும் இரண்டு கிழமை போனில் கதைத்தார்கள். ஒத்துவரவில்லை, அதற்குக் காரணம் நிறமூர்த்தம் இல்லை.

இப்போது வாழைச்சேனைப் பக்கம் ஒரு பேச்சு நடக்கிறது, உறவு ஒன்றும் இல்லை. புரோக்கர் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பெண் வீட்டார் 140 பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். கடை சொந்தமா வாடகையா என்றுதான் கேட்டார்களாம்.